மலையில்லா ஊரில் மலை தூக்கியவர்

காஞ்சிபுரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர். சுற்றிலும் பாலாற்றுச் சமவெளி, வயல், பனை. அப்படிப்பட்ட ஐயங்கார்குளத்தில் குடிகொண்டிருப்பவர் மலையையே பெயர்த்து வந்த அனுமன். இங்கே அவர் சஞ்சீவிராயர்.

கோயிலையும் அருகே பரந்து கிடக்கும் குளத்தையும் ஏற்படுத்தியவர் லட்சுமிகுமார தாதாசாரியார். 1586 முதல் 1614 வரை ஆண்ட விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் ராஜகுரு. பொன்னும் பொருளுமாக வந்தவரைக் கள்ளர்கள் மறிக்க, அவர் அனுமனை வேண்ட, குரங்குக் கூட்டம் பாய்ந்து வந்து விரட்டியதாம். அந்த நன்றிக்கடன்தான் கோயில் என்கிறார்கள்.

மலையைக் கொண்டு வந்தவருக்கு இங்கே கோயில். பறிகொடுத்த ஊரில் என்ன கதி? உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் துரோணகிரி என்றொரு கிராமம். அங்கே மலைதான் தெய்வம். அதைப் பெயர்த்துப் போன கோபத்தில் இன்றுவரை அனுமனை வணங்குவதில்லை. நியாயமான கோபம்தான்!

மலையே சாமி என்பது நமக்குப் புதிதா என்ன, திருவண்ணாமலை இருக்கிறதே. ஜப்பானின் நாரா பகுதியில் ஓமிவா என்ற ஷிண்டோ கோயிலில் மூலஸ்தானக் கட்டடமே இல்லை. பின்னாலுள்ள மிவா மலையைப் பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள்.

காஞ்சிக்காரர்களோ மலையைக் கட்டிக்கொண்டவர்கள். வரதராஜப் பெருமாள் நிற்கும் அத்திகிரி, 24 படி உயரத்தில் எழுப்பிய கல்மேடை. கீழே குகை நரசிம்மர், மேலே வரதர். பக்தருக்கு அது மலைதான். மாட்டுப் பொங்கலன்று மட்டும் அவர் பழையசீவரத்தில் நிஜ மலையேறுகிறார்.

ஐயங்கார்குளத்துக்கு அவர் வருவது சித்ரா பௌர்ணமிக்கு. இம்முறை ஏற்றமில்லை, இறக்கம். சஞ்சீவிராயர் கோயிலுக்கு அருகில் நடவாவிக் கிணறு. தரைமட்டத்தில் கல் தோரண வாயில்; அதற்குள் படிகள் சுரங்கம்போல இறங்குகின்றன. அடியில் தூண் மண்டபம், நடுவே கிணறு. விழாவுக்கு முன்பே தண்ணீரை இறைத்துவிடுவார்கள். பல்லக்கைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் ஈரக்கல்லில் அடிமேல் அடி வைத்து இறங்க, பெருமாள் கிணற்றைச் சுற்றி வலம் வருவார். பிறகு பாலாற்று மணலில் பள்ளம் தோண்டி ஊறல் உற்சவம்.

கிணற்று மண்டபத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அந்தச் சமயத்தில்தான் போக வேண்டும். மற்ற நாளில் தண்ணீர் ஏறிக் கிடந்தால், மேல்படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.