விடையை மறைத்து ஒரு பரீட்சை

கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுக வைத்தால் கிடைப்பது கூட்டுப்பொருள். மீனவர்களின் ஃபைபர் படகும் காற்றாலை இறகும் இந்தக் குடும்பம்தான். இழைக்கு ஒரு விறைப்பு, பிசினுக்கு வேறொரு விறைப்பு. இரண்டும் சேர்ந்த பொருளுக்கு எவ்வளவு என்பதைச் செய்து பார்க்காமலே சொல்லச் சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம்?

ஆய்வாளர்களிடம் நன்கு புழங்கிய ஓர் எபாக்சித் தகட்டை எடுத்துக்கொள்வோம். இழையின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 74 ஜிகாபாஸ்கல், பிசினுடையது 3.35. கன அளவில் 60 விழுக்காடு இழை. இழை ஓடும் திசையில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவு நீளும். பங்கு விகிதப்படி கூட்டினால் 45.7 வருகிறது. அளந்தது 45.6. ஒரு வரிக் கணக்கு இவ்வளவு நெருங்குவது அழகு.

அதே தகட்டைக் குறுக்கே இழுங்கள். இழையும் பிசினும் பலகைகளாக அடுக்கப்பட்டு ஒரே தகைவை ஏற்பதாக எளிய மாதிரி கொள்கிறது. அதன் விடை 7.8, அளந்ததோ 16.2. பாதிகூட இல்லை. உண்மையில் உள்ளே இருப்பவை நெருக்கியடித்து நிற்கும் உருளை இழைகள். நடுவில் மாட்டிக்கொண்ட பிசினால் தாராளமாகச் சுருங்க முடியாது. அதனால் கூடுதலாக விறைக்கிறது. ஹால்பின்-சாய் சூத்திரம் இழையின் வடிவத்துக்கென ஓர் எண்ணைச் சேர்க்கிறது. வழக்கப்படி அதை 2 என வைத்தால் 14.5 கிடைக்கும். சற்றே கூட்டினால் 16.2-ஐயே வரவழைத்துவிடலாம். எனக்கு அச்சம் தருவது அதுதான். விடை தெரிந்தபின் திருத்திய சூத்திரம் பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகாது. பார்க்காத பொருளுக்கு அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் பிரிட்டனின் ஹின்டன், கடூர், சோடன் ஆகியோர். அவர்கள் எடுத்துக்கொண்டது இன்னும் கடினமான கேள்வி: பொருள் எந்தச் சுமையில் முறியும்? கோட்பாடுகளை உருவாக்கியவர்களிடமே ஒரே தரவைக் கொடுத்து, 14 கணக்குகளுக்கு விடை கேட்டார்கள். சோதனை முடிவுகளைக் காட்டவில்லை. கணிப்புகள் 1998-இல் அச்சேறின. அளவுகளோடு ஒப்பீடு 2002-இல்தான் வந்தது. 2004-இல் வரிசை நிறைவுற்றபோது 19 கோட்பாடுகள் சேர்ந்திருந்தன. ஒரே தகட்டுக்கு அவை சொன்ன வலிமைகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகின. இழை அறுவதையும், இழைகளுக்கிடையே பிசின் பிளப்பதையும் தனித்தனியே கணக்கிட்ட ஜெர்மானியர் பக்கின் கோட்பாடு முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று. காரணம் புரிகிறது: பிசினில் முதல் விரிசல் விழுந்த பிறகும் தகடு சுமை தாங்குகிறது.

அடுத்த சுற்றில் பொருளை மூன்று திசைகளிலும் ஒருசேர அழுத்தும் நிலைகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கும் கணிப்புகளை வாங்கிய பிறகே அளவுகளைக் காட்டினார்கள்.