கைவிடப்பட்ட வளவில் நிற்கும் மாமரம்: தறிப்பதற்கு முன் கத்தரித்துப் பாருங்கள்

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் செய்யும் வேலை பற்றை வெட்டுவதுதான். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் தெரியும். வேலி இருந்த சுவடே இராது. ஆனால் கிணற்றடி மாமரம் பெரும்பாலும் நிற்கும். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் 2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னருமே தமது காணிகளைக் கண்டார்கள். இருபத்தைந்து வருடமாக ஒருவரும் கைவைக்காத மாமரம் எப்படி இருக்கும்? நாற்பது அடி உயரத்துக்குப் போய், உச்சியில் மட்டும் இலை வைத்துக்கொண்டு, உள்ளே காய்ந்த சுள்ளியும் குருவிச்சையுமாக நிற்கும். காய்ப்பது குறைவு. காய்க்கும் நாலு காயும் கொக்கைத்தடிக்கு எட்டாமல் அணிலுக்கும் வௌவாலுக்கும் போய்விடும்.

இதைப் பார்த்தவுடன், "தறித்து விறகாக்கிவிட்டுப் புதிய கன்று வைப்போம்" என்று பலர் முடிவு செய்கிறார்கள். விறகு வியாபாரியும் வாசலில் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் பார்ப்பது நல்லது. நல்ல ஒட்டுக்கன்று ஒன்று வைத்தால் ஓரளவு காய்ப்பதற்கு நாலைந்து வருடம் செல்லும். முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். ஆடு மாடு கடியாமல் அடைக்கவும் வேண்டும். கிணறு தூர்ந்து, இறைப்பு இயந்திரமும் இல்லாத குடும்பத்துக்கு இது சிறிய வேலை அன்று. பழைய மரத்தின் வேரோ எப்போதோ ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைக் கண்டுவிட்டது. அதன் கொப்புகளை முறையாக வெட்டிப் புதிதாகத் துளிர்க்க விட்டால், வெட்டிய பகுதி இரண்டு மூன்று வருடத்தில் மீண்டும் காய்க்கத் தொடங்கும். இடையில் நிழலும் கிடைக்கும். வெட்டிய கொப்பு அடுப்புக்கு உதவும்.

கத்தி எடுப்பதற்கு முன்

நீண்டகாலம் மூடிக் கிடந்த காணியில் மிதிவெடி அகற்றும் பிரிவினர் வேலை முடித்து அனுமதி தந்த பின்னரே மரத்தடிக்குப் போகவேண்டும். பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவாக்குவது மிகவும் ஆபத்தானது. வெடிக்காத குண்டு போல எதையேனும் கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். சிறுவர்களைச் சுள்ளி பொறுக்க அனுப்பாதீர்கள்.

அடுத்தது எல்லை. மதிலும் வேலியும் அழிந்த இடங்களில் கிணற்றையும் பழைய மரங்களையும் வைத்தே காணியை அடையாளம் காண வேண்டியிருக்கும். ஆகையால் நில அளவை முடியும்வரை எல்லையோர மரம் எதையும் அடியோடு தறிக்கவேண்டாம். பிறகு அயலவரோடு வழக்காடும்போது காட்டுவதற்கு ஒன்றும் இராது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கும் சட்டமும் 1951 முதல் இருக்கிறது.

மரத்தையும் சுற்றிவந்து பாருங்கள். போர் நடந்த இடங்களில் அடிமரத்தினுள் எறிகணைச் சிதறலோ முட்கம்பியோ புதைந்திருக்கலாம். பட்டை முடிச்சுப் போல மூடி வளர்ந்திருந்தால் அந்த இடத்தில் வாள் வைக்காதீர்கள். வாளின் பல் போய்விடும், வெட்டுபவருக்கும் காயம் ஏற்படலாம். கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிப் பாருங்கள். சுற்றிவரக் கோறையாகச் சத்தம் கேட்டு, அடியில் கறையானும் ஏறியிருந்தால் அந்த மரத்தோடு மினைக்கெடுவதில் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் பழுது என்றால் முயன்று பார்க்கலாம்.

மரம் ஏன் காய்க்காமல் போகிறது?

மாமரம் முற்றிய கொப்புகளின் நுனியிலேயே பூக்கும். வெயில் படாத கொப்பின் நுனி பூக்காது. கவனிப்பாரற்ற மரத்தில் கொப்புகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மேலே ஓட, உட்பக்கம் இருண்டு, கீழ்க்கொப்புகள் பட்டுப்போகும். எனவே கத்தரிப்பதன் நோக்கம் மரத்தின் நடுவுக்கு வெயிலும் காற்றும் விடுவதும், காய்க்கும் இடத்தை மீண்டும் கைக்கெட்டிய உயரத்துக்குக் கொண்டுவருவதும் ஆகும். எம்மவர்களுக்கு மாமரத்தில் கத்தி வைக்க மனம் வருவதில்லை. சுவிஸ், ஜேர்மனி என்று போன உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் அப்பிள் மரத்தை இலையுதிர்ந்த குளிர்காலத்தில் வருடாவருடம் கத்தரிப்பார்கள். குளிர் இல்லாத எமது பகுதியில் அப்பிள் சரிவராது. ஆனால் அங்கே கத்தரிப்பதன் காரணமும் இதேதான்.

எப்போது, எப்படி?

எமது மாமரம் இலையுதிர்த்து உறங்குவதில்லை. எனவே காலத்தை அறுவடையை வைத்துத்தான் பார்க்கவேண்டும். காய் முடிந்த பின், மாரி தொடங்குவதற்கு முன், அதாவது ஆவணி மாதமளவில் வெட்டுவது பொருத்தம். வெட்டுவாய் வெயிலில் காயும். பின் ஐப்பசி மழைக்குத் துளிர் பாயும். மார்கழி, தையில் பூக்கும் வேளையில் வெட்டினால் அந்த வருடக் காயும் போய்விடும்.

முதலில் பட்ட கொப்புகளை எடுங்கள். அடுத்தது குருவிச்சை. இதன் பசைப்பிடிப்பான பழத்தைத் தின்னும் குருவிகள் விதையைக் கொப்பில் ஒட்டிவிட, அது மரத்தினுள் வேர் இறக்கிச் சாற்றை உறிஞ்சுகிறது. குருவிச்சையை மட்டும் முறித்தால் மறுபடி துளிர்க்கும். அது பிடித்த இடத்திலிருந்து ஓரடியாவது உள்ளே தள்ளி, கொப்போடு வெட்டவேண்டும். அயல்வளவு மரத்திலும் இருந்தால் இரு வீட்டாரும் சேர்ந்து எடுக்காதவரை தொல்லை தீராது.

இதன் பின்பே பெருங்கொப்புகள். ஒரே நாளில் மரத்தை மொட்டையாக்காதீர்கள். இலை முழுவதையும் இழந்த கிழமரம் சில வேளை திரும்பத் துளிர்க்காது. தளர்ந்த மரத்தைத் தண்டு துளைக்கும் புழுவும் தேடிவரும். மூன்று வருடத் திட்டமாகச் செய்யுங்கள். முதல் வருடம் நடுவில் நெட்டையாக எழும்பிய கொப்புகளை, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை, நிலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் வெட்டுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு, மூன்றாம் வருடம் மிகுதி. வெட்டாத கொப்புகளின் இலையே மரத்துக்குச் சாப்பாடு போடும். அவற்றில் கொஞ்சம் காயும் கிடைக்கும்.

பாரமான கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், முறிந்து விழும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயம் ஆறாது. வெட்டவேண்டிய இடத்துக்கு ஓரடி வெளியே, முதலில் அடிப்பக்கத்திலிருந்து மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு வாளால் அறுங்கள். பின் அதிலும் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்து விழுத்துங்கள். எஞ்சிய கட்டையைக் கடைசியாகச் சரிவாக அறுத்தெடுத்தால் மழைநீர் தங்காது. ஒரு கொப்பை முழுவதும் நீக்குவதானால், அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தைத் தொடாமல் அதன் வெளி ஓரத்தில் வெட்டவேண்டும். அங்கிருந்துதான் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடும். காட்டுக்கத்தியால் கொத்துவதைவிடக் கைவாள் நல்லது. வாள் இல்லாவிடில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். மாம்பால் தோலைப் புண்ணாக்கும். நீளக்கைச் சட்டை போட்டு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவாய்க்குப் போர்டோப் பசை பூசலாம். ஒரு பங்கு மயில்துத்தம், ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு, பத்துப் பங்கு தண்ணீர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துப் பின் கலக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மண் அல்லது பிளாஸ்ரிக் பாத்திரமே வேண்டும். அது கிடையாதவர்கள் சாணத்தையும் களிமண்ணையும் குழைத்து அப்புவதும் உண்டு. திடீரென வெயில் படும் அடிமரத்துக்கும் கொப்புகளுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டால் பட்டை வெடிக்காது. மரத்தைச் சுற்றி, கொப்பு நிழல் விழும் ஓரமாக ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, எருவும் கிளிசரியாக் குழையும் போட்டு மூடிவிடுங்கள். அடிமரத்தோடு எருவைக் குவிப்பது வீண்; உணவெடுக்கும் வேர் அங்கே இல்லை.

துளிர்த்த பின் செய்யும் வேலை

வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களின் மரம் ஐந்து வருடத்தில் பழையபடி பற்றையாகிவிடும். வெட்டிய கட்டையில் இருபது முப்பது துளிர் அடர்த்தியாக வரும். அவை ஒரு முழம் வளர்ந்தபின், வெளிப்பக்கம் நோக்கிய பலமான எட்டுப் பத்தை மாத்திரம் இடைவெளியோடு விட்டு மிகுதியைக் கிள்ளிவிடவேண்டும். பட்டையில் துளையும் மரத்தூளும் கண்டால் கம்பியால் புழுவைக் குத்தி எடுத்து, துளையைக் களிமண்ணால் அடையுங்கள்.

உங்கள் மரம் புளிப்பான நாட்டு மாமரம் என்றால் இதுவே நல்ல சந்தர்ப்பம். விட்ட துளிர்கள் பென்சில் பருமனுக்கு வந்ததும், நல்ல கறுத்தக்கொழும்பான் மரத்திலிருந்து அதே பருமனான ஒட்டுக்குச்சி எடுத்து அவற்றில் ஒட்டலாம். எடுப்பதற்கு ஒரு கிழமை, பத்து நாளுக்கு முன் அந்தக் குச்சியின் இலைகளை, காம்பை விட்டு நறுக்கிவிட்டால் முகைகள் பருத்து வரும். ஒட்டுக்கு மேலே நாட்டுத் துளிரை வளரவிடக்கூடாது. ஊரில் ஒட்டத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

மற்ற மரங்கள்

கொய்யா இவ்வளவு பொறுமை கேட்பதில்லை. அது புதிதாகத் துளிர்க்கும் கொப்பிலேயே பூப்பதால், பழைய மரத்தை மூன்று நாலடி உயரத்தில் வெட்டிவிட்டாலும் விரைவில் காய்க்கும். தேசியில் பட்ட கொப்பு, குருவிச்சை, உள்ளே நெட்டையாகப் பாயும் முள்நிறைந்த இளங்கொப்பு ஆகியவற்றை எடுத்தால் போதும், கடுமையாக வெட்டவேண்டாம். மாதுளை அடியிலிருந்து பல தண்டாக வெடிக்கும். பலமான மூன்று நாலை விட்டு மற்றவற்றை நீக்குங்கள். அது முற்றிய கொப்பின் குறுஞ்சிம்புகளில் காய்ப்பது. வேலி கத்தரிப்பது போல நுனியெல்லாம் வெட்டினால் காய் இராது.

இன்னும் பிறர் காணியில் இருப்பவர்களுக்கு இந்த மாதுளைத் தண்டுகள் உதவும். வீட்டுக்காரரிடம் கேட்டு, கத்தரித்த தண்டில் பென்சில் பருமனான முற்றிய பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குங்கள். முகை மேல்நோக்கி இருக்க, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுள் புதையும்படி பையில் நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். இரண்டு மாதமளவில் வேர் பிடிக்கும். பையில் நிற்கும் கன்றுக்குக் காணி உறுதி தேவையில்லை. நீங்கள் போகும் இடத்துக்கு அதையும் தூக்கிக்கொண்டு போகலாம். வேர் பையைத் துளைத்து நிலத்துள் இறங்காதபடி மாதத்துக்கு ஒரு தடவை பையைத் தூக்கி இடம் மாற்றி வையுங்கள்.