ரேகை வைக்க மறுத்த ஊர்

ஊரப்பாக்கத்து ரேஷன் கடையானாலும் சரி, உசிலம்பட்டிக் கடையானாலும் சரி, விரலை வைத்தால்தான் இன்று அரிசி கிடைக்கிறது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மங்கிப்போன கையைப் பார்த்து, "இன்னொரு தரம் வையுங்கம்மா" என்று கடைக்காரர் சொன்னால் உங்களுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் சகோதரிகளே, 'கைரேகை வைக்கமாட்டோம்' என்று சொல்லி உயிரையே கொடுத்த ஒரு கிராமத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

வெள்ளைக்காரர் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1871-இல் வடக்கே பிறந்த அது, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. திருடினவனைப் பிடிப்பதல்ல அதன் வேலை. இன்ன ஜாதியில் பிறந்தாலே போதும், போலீஸ் புத்தகத்தில் பேரும் ரேகையும் ஏறிவிடும்! அப்புறம் வெளியூர் போகச் சீட்டு வேண்டும். இரவானால் ஆண்பிள்ளைகள் வீட்டில் படுக்கக்கூடாது. போலீஸார் காட்டிய இடத்தில்தான் படுக்கவேண்டும். பிரசவ வேதனையில் மனைவி துடித்தாலும் சரி, குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தாலும் சரி, தகப்பன் வீட்டில் இல்லை. ராத்திரிகளை அந்தப் பெண்கள் எப்படித்தான் கழித்தார்களோ!

மதுரை ஜில்லாவில் பிறமலைக் கள்ளர்கள்மீது இந்தச் சட்டம் பாய்ந்தது. ஊர்களுக்குக் காவல் இருந்து கூலி வாங்கிய பரம்பரை அது என்பதுதான் வேடிக்கை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கியோடு போலீஸ் படை வந்தது. ஊர் திரண்டு எதிர்த்து நின்றது. படை சுட்டது.

இறந்தவர்கள் 16 பேர். அவர்களில் பெண் ஒருத்தி: மாயக்காள். குண்டடிபட்டுத் தாகத்தால் தவித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் அவளையும் கொன்றுவிட்டார்கள் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள்.

கடல் கடந்த ஆஸ்திரேலியாவிலும் இதே வெள்ளைக்காரச் சர்க்கார்தான். அங்கே பூர்வகுடிகளைக் கழுத்தில் சங்கிலி போட்டு இழுத்துப் போவார்கள். 1894-இல் ஜண்டமரா என்ற பூர்வகுடி வாலிபன், போலீஸுக்குத் தடம் காட்டிக்கொண்டிருந்தவன், தன் இனத்தாரை விடுவித்துப் போலீஸையே எதிர்த்தான். 1897-இல் அவனைச் சுட்டுக் கொன்றார்கள்.

பெருங்காமநல்லூர் மக்களின் பக்கம் பேச ஒருவர் இருந்தார். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், மலையாளத்துக் கிறிஸ்தவர். கோட்டில் ரோஜா செருகியிருப்பாராம்; 'ரோசாப்பூ துரை' என்றே பேர் வந்துவிட்டது. அந்தப் பேரைத் தங்கள் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்த 1947-ஐப் பார்க்க அவர் இல்லை, 1938-லேயே காலமாகிவிட்டார்.

பெருங்காமநல்லூரில் இப்போது ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஒவ்வோர் ஏப்ரல் 3-ஆம் தேதியும் அங்கே ஜனங்கள் மாலையோடு வருகிறார்கள்.