சென்ட்ரிங் பிரிக்கும் நேரம்

வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், கான்கிரீட் போடுவதைவிட சென்ட்ரிங் பிரிப்பதில்தான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டு முட்டுகளை உருவினால் தளம் தொங்கிவிடும். உடலுக்குள் சாரம் கட்டும் மருத்துவர்களுக்கும் அதே கவலைதான். ஆனால் உள்ளே போய்ப் பிரிக்க அங்கே கொத்தனார் இல்லை. சாரம் தானாகக் கரைந்து போகவேண்டும், அதுவும் நாள் பார்த்து.

2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு கைக்குழந்தைக்கு அப்படியொரு சாரம் பொருத்தப்பட்டது. நுரையீரலுக்குப் போகும் இடது மூச்சுக்குழாய் நனைந்த காகித ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கொண்டு, குழந்தையின் மூச்சு அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. காது மூக்கு தொண்டை நிபுணர் கிளென் கிரீனும் உயிர்மருத்துவப் பொறியாளர் ஸ்காட் ஹோலிஸ்டரும் குழந்தையின் சி.டி. ஸ்கேனை அளவாக வைத்து, பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரில் ஒரு சிறு உறையை முப்பரிமாண முறையில் அச்சிட்டார்கள். அதைக் குழாயின் வெளிப்புறமாகச் சுற்றி, சுவரை உறையோடு சேர்த்துத் தைத்தார்கள். 21 நாட்களுக்குப் பிறகு குழந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. உறையின் ஒரு பக்கம் திறந்தே இருந்தது. குழந்தை வளர்ந்தால் அதுவும் விரிந்துகொடுக்க வேண்டுமே! சுமார் மூன்று ஆண்டுகளில் அது கரைந்துவிடும், அதற்குள் குழாய் சொந்தமாக உறுதிப்பட்டுவிடும் என்பது கணக்கு.

கரைப்பது வேறு எதுவுமல்ல, தண்ணீர்தான். இத்தகைய பாலிமர்களின் நீண்ட சங்கிலிகளைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்புகளை உடலிலுள்ள நீர் ஒவ்வொன்றாக அறுக்கிறது. பாலிலாக்டைடு என்ற இன்னொரு பாலிமர் உடைந்தால் லாக்டிக் அமிலம் வரும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம். உடல் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றிவிடும். எந்தப் பாலிமரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறும். தையல் நூலாகப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் பாலிகிளைகோலிக் அமிலம் சில வாரங்களிலேயே வலுவிழக்கும். பாலிகேப்ரோலாக்டோன் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தடிமனான துண்டுகளில் ஒரு வம்பு உண்டு. அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, வெளிப்புறத்தைவிட நடுப்பகுதியை வேகமாக அரித்துவிடும்.

தாங்குவதோடு நிற்காமல் புதுத் திசுவை வளர்க்கும் சாரமென்றால், அதில் செல்கள் குடியேறத் துளைகளும் வேண்டும், ஒன்றோடொன்று இணைந்த துளைகள். அதற்குப் பழைய உத்தி ஒன்று இருக்கிறது, அடுப்படிக்கு நெருக்கமானது. பாலிமர்க் கரைசலில் உப்புப் பரல்களைக் கலந்து இறுகவிட வேண்டும், பிறகு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு கரைந்துபோன இடமெல்லாம் துளை.

துளை செய்தாகிவிட்டது, ரத்தம்? பெரும்பாலான செல்கள் ரத்த நாளத்திலிருந்து 200 மைக்ரானுக்கு மேல் தள்ளியிருந்தால் பிழைப்பது கடினம். அதனால்தான் தோல், குருத்தெலும்பு, சிறுநீர்ப்பைச் சுவர் போன்ற மெல்லிய அல்லது எளிய திசுக்களில் இந்த வேலை முதலில் தொடங்கியது; கல்லீரல் இன்னும் எட்டாத தூரத்தில் நிற்கிறது. அமெரிக்க மருத்துவர் அந்தோணி அட்டாலா குழுவினர், நோயாளிகளின் சொந்தச் செல்களை இத்தகைய சாரத்தில் வளர்த்து ஏழு இளம் நோயாளிகளுக்குச் சிறுநீர்ப்பையில் பொருத்தியதை 2006இல் லான்செட் இதழில் வெளியிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2014இல் வெளியான அடுத்த கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை, கடுமையான பக்கவிளைவுகளும் வந்தன. முதல் செய்திக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட இரண்டாவது செய்திக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் பெரிய பாடம் இதயத்தில் கிடைத்தது. இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்துவிட்டு சுமார் மூன்று ஆண்டுகளில் மறைந்துபோகும் பாலிலாக்டைடு ஸ்டென்ட் 'அப்சார்ப்', 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி பெற்றது. உலோக ஸ்டென்ட் நிரந்தரமாக உள்ளேயே கிடக்கும். இது அப்படியில்லை என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் பாலிமர் உலோகத்தைப்போல வலுவானதல்ல என்பதால் அதன் கம்பிகளைச் சுமார் 150 மைக்ரான் தடிமனில் செய்ய வேண்டியிருந்தது. நவீன உலோக ஸ்டென்ட்களில் அது ஏறக்குறைய பாதிதான். தடித்த கம்பிகள் ரத்த ஓட்டத்தைக் கலைத்தன. கரையும்போது சில இடங்களில் அவை குழாயின் உட்பக்கமாகச் சரிந்தன. ரத்தம் உறைவதும் மாரடைப்பும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களைவிட அதிகமாகப் பதிவாகின. 2017 செப்டம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது.

கைவிடப்பட்டது என்று பலரும் நினைத்த அந்த யோசனை 2024 ஏப்ரலில் 'எஸ்பிரிட்' என்ற பெயரில் மீண்டும் அனுமதி பெற்றது. இந்த முறை முழங்காலுக்குக் கீழே ஓடும் ரத்தக்குழாய்க்கு, கம்பிகளும் மெலிந்திருந்தன.