தொரைக்கு முன்னால் தொரையாகி நிற்பவன்

ஆகச் சிறந்த நகைச்சுவையாளர் யார் என்று பண்டாரவளை பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் கேட்டால் முதல் பெயர் வடிவேலு. அடுத்தது நாகேஷ். படத்தில் அவர்களுக்குக் கமராவும் பின்னணி இசையும் துணைக்கு உண்டு. துணை எதுவுமில்லாமல் தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பது வேறு வித்தை.

இன்று அதை மேடை நகைச்சுவை என்கிறோம். தமிழ்நாட்டு அலெக்ஸாண்டர் பாபு 2019இல் வெளிவந்த 'அலெக்ஸ் இன் வொண்டர்லாந்து' நிகழ்ச்சியில் பாட்டையும் கதையையும் கலந்தே சிரிக்க வைத்தார். கணித ஆசிரியராக இருந்த ரொமேஷ் ரங்கநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. தன் குடும்பத்தைப் பேசியே இங்கிலாந்தில் பெயர் எடுத்தார். இருவரும் தாங்கள் வாழ்ந்ததைத்தான் பேசினார்கள்.

நம் நாட்டில் எழுபதுகளின் வானொலி நாடகமான 'கோமாளிகளின் கும்மாளம்' நிகழ்ச்சியை மறக்க முடியாது. மரைக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், ஐயராக அப்துல் ஹமீட், உபாலியாகச் செல்வசேகரன். நாலு பேருக்கும் நாலு விதத் தமிழ். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. தோட்டத்து லயங்களிலும் அந்தக் குரல்களைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அந்த நான்கு பாத்திரங்களில் ஒரு மலையகத்தான் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மலையகத்தின் நகைச்சுவையாளன் வேறிடத்தில் இருந்தான். மாசியில் தொடங்கும் காமன் கூத்தில் மன்மதனும் ரதியும் ஆடி ஓயும் இடைவெளியில் கோமாளி வருவான். அவனுக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. நான் பார்த்த கோமாளி ஒருவன் கணக்கப்பிள்ளையாக வந்தான். கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டி, "ஈரத்துக்கு ரெண்டு கிலோ, கூடைக்கு ரெண்டு கிலோ, என் கண்ணுக்கு ஒரு கிலோ" என்று கழித்துக்கொண்டே போனான். அப்புறம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு சும்மா நின்றான். சனம் மூச்சைப் பிடித்திருந்தது. "ஆத்தா, நீதான் தோட்டத்துக்கு அரைக் கிலோ பாக்கி" என்றான். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஓரமாக நின்ற நிஜக் கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார்.

அந்த மௌனம்தான் தொழில். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை எந்தப் பயிற்சியும் சொல்லித் தராது. கூட்டத்தின் மூச்சைக் கேட்கத் தெரிந்தவனுக்கே அது வரும். பகலெல்லாம் எதிர்த்துப் பேச முடியாத தோட்டத் தொரையை, ராத்திரியில் கோமாளி தொரையாகவே நடந்து காட்டி எதிர்த்துவிடுகிறான். தனக்குக் கீழே இருப்பவனைக் கிண்டலடித்து வாங்கும் சிரிப்பு மலிவானது. மலையகப் பேச்சையே கேலிப்பொருளாக்கிய மேடைகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

சிரிக்க வைப்பது ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 2023 மே மாதம் நதாஷா எதிரிசூரிய என்ற சிங்கள மேடைக் கலைஞர் தன் நிகழ்ச்சியில் சொன்னதற்காகக் கைதானார். ஜூலையில்தான் பிணை கிடைத்தது.

ஆகச் சிறந்த நகைச்சுவையாளர் யார் என்று கேட்டால், என் தேர்வு அந்தக் காமன் கூத்துக் கோமாளிதான். அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவன் பேச்சு எங்கும் பதிவாகவும் இல்லை. பூனாகலையிலோ அப்புத்தளையிலோ உங்கள் தோட்டத்தில் அடுத்த மாசியில் கூத்து நடந்தால், காமன் எரிவதை மட்டும் போனில் படம் எடுக்காதீர்கள். கோமாளி வாய் திறக்கும்போதே பதிவைத் தொடங்குங்கள். கோயில் திருவிழாவில் வெளியூர் இசைக்குழுவுக்குக் கொடுக்கும் மேடையில் பத்து நிமிடத்தை நம் பிள்ளை ஒருவனுக்கோ ஒருத்திக்கோ விட்டுக் கொடுங்கள்.