துருவுக்கு மேல் பெயிண்ட் நிற்குமா?

பழைய வாஷிங் மெஷின் இருந்தால் குனிந்து அதன் காலடியைப் பாருங்கள். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகம்.

எங்க வீட்டு மெஷின் எனக்கு மூத்தது. காயலான் கடையில் எடைக்குக் கேட்டாங்க. மோட்டார் நல்லா ஓடுது, அம்மா வேலைக்கும் போறாங்க. கொடுத்துட்டால் ஆறு பேர் துணியும் கையால்தான்! பெயிண்டர் மாமாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தோம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கணும். பிடுங்கினாலும் பின்மூடியைத் திறக்கக் கூடாது. கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கலாம், அது மெக்கானிக் வேலை. சுவிட்சுகளை பாலிதீன் கவரால் கட்டிவிடணும்.

அப்புறம் உப்புத்தாள். முக்கால்வாசி வேலை இதுதான், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கணும். கை வலிக்குதுன்னு துரு மேலேயே பெயிண்ட் அடித்தால் பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனால் துரு ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளேயே தின்னும், பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பி உரிஞ்சிடும்.

இன்னொன்று, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூள் சின்னப் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். அதனால் வாட்டர் பேப்பரை நனைத்து, தூள் பறக்காமல் தேய்த்தோம். தம்பியைக் கிட்டவே விடலை.

ஈரம் துடைத்து, டின்னர் துணியால் எண்ணெய்ப் பசை போக்கி, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடிக்கணும். வெறும் இரும்பை விட்டுவைத்தால் மறுபடி துரு பிடிக்கும். காய்ந்ததும் எனாமல் பெயிண்ட், மெல்லிசாக இரண்டு கோட்டு. கெட்டியாக அடித்தால் வழியும். டின்னர் சீக்கிரம் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கம் வேண்டாம். மொட்டை மாடியே நல்லது.

இப்போ மெஷின் பிளாஸ்டிக் ஸ்டாண்டு மேலே நிற்குது, காலடியில் தண்ணீர் தேங்காது. கலர் ஆகாய நீலம். பாட்டி மட்டும் "பீரோ மாதிரி இருக்குதுடி" என்கிறாங்க.