விஞ்ஞானப் பயிற்சிக்கு நியாய விலை

காஞ்சீபுரத்தில் உத்தியோகத்தினின்று ஓய்வுபெற்ற விஞ்ஞான உபாத்தியாயர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி விடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் செல்லாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகள் சிலரை ஞாயிறுதோறும் தம் வீட்டுக் கூடத்தில் சேர்த்து, ரஸாயன பௌதிகச் சோதனைகளை அவர்கள் கையாலேயே செய்விக்க வேண்டுமென்பது அவர் எண்ணம். பிள்ளை ஒன்றுக்கு எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதே அவர் கேள்வி. அதிகம் கேட்க மனம் கூசுகிறது. குறைத்து வாங்கினால் இரண்டு மாதத்தில் கண்ணாடிக் குழாய் வாங்கவும் கையில் காசிராது. என்ன செய்வது?

கேள்வி சிறியதுபோல் தோன்றும். ஆனால், விஞ்ஞானம் யாருக்கு உரியது என்ற பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே தனிக் கடிதத்தில் எழுதாமல் பத்திரிகை வாயிலாகவே விடை கூற முற்படுகிறோம்.

வீட்டிலிருந்து படிப்போர் எல்லோரும் ஒரே நிலையினரல்லர். வசதியுள்ள பெற்றோர் சிலர், பள்ளிக்கூட முறை பிடிக்காமல், தாமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். வேறு சிலரோ வறுமையினால் பள்ளியை விட்டவர்கள். காஞ்சியில் இவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இருவர் வேண்டும். அந்த இரண்டாவது கை பல்லாண்டு காலம் குழந்தையின் கையாகவே இருந்தது. அப்படிப் படிப்பை இழந்தவர்களுக்கும் வழி திறக்கவே 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஏற்பட்டது. நமது மாகாணத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவோரும் உண்டு. அவர்கள் விஞ்ஞானத்தில் செய்முறைத் தேர்வுக்குரிய 25 மார்க்கைப் பெற, குறிக்கப்பட்ட பள்ளிகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு நூற்றுக்கு 80 நாட்களாவது வந்திருக்க வேண்டும். இது நல்ல ஏற்பாடே. ஆயினும் இது பரீட்சை எழுதும் ஆண்டுக்கான ஏற்பாடு. அதற்கு முந்திய ஆண்டுகளில், வீட்டிலிருக்கும் பிள்ளை காந்தத்தையும் அமிலத்தையும் எங்கே போய்த் தொட்டுப் பார்ப்பது? நீந்தும் வித்தையைப் புத்தகத்தில் படித்தவன் குளத்தில் இறங்கினால் என்ன நேருமோ, அதுவே சோதனை செய்யாமல் விஞ்ஞானம் படித்தவனுக்கும் நேரும்.

சட்டம் இதில் நமக்கு உதவுமா? பார்ப்போம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் கமிட்டி இருக்கிறது. தனிப்பயிற்சி நிலையங்களுக்காக மத்திய சர்க்கார் 2024 ஜனவரியில் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. கட்டணம் நியாயமாயிருக்க வேண்டும், ரசீது தரவேண்டும், நடுவில் விலகும் மாணவனுக்கு மீதி நாட்களுக்குரிய தொகையைத் திருப்பித் தரவேண்டும் என்பன அதிலுள்ள நல்ல அம்சங்கள். ஆனால் அவ்விதிகள் 50 மாணவர்களுக்கு மேற்பட்ட நிலையங்களையே கருதியவை. பத்துப் பிள்ளைகள் கூடும் வீட்டுக் கூடத்தை இவ்விரண்டும் தொடவில்லை. தொட வேண்டுமென்று நாம் கோரவுமில்லை. 2002-ல் சுப்ரீம் கோர்ட்டின் பதினொரு நீதிபதிகள் டி. எம். ஏ. பாய் வழக்கில் கூறிய தத்துவம் ஒன்று நமக்குப் போதும். கல்வியில் கொள்ளை லாபம் கூடாது; ஸ்தாபனம் வளர்வதற்கு வேண்டிய நியாயமான உபரி இருக்கலாம் என்பது அத்தத்துவம். நியாயமான உபரி எது, கொள்ளை லாபம் எது என்பதைக் கணக்குத்தான் காட்டவேண்டும்.

கணக்குப் போடக் காஞ்சிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு பட்டுச் சேலைக்குப் பட்டு எவ்வளவு, ஜரிகை எவ்வளவு, சாயச் செலவு எவ்வளவு, நெய்யும் கூலி எவ்வளவு என்று தனித்தனியே எழுதுவது இவ்வூர் வழக்கம். கணக்கு ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடந்தபோது நெசவாளி முன்பணக் கடனில் ஆழ்ந்தான். கணக்கைப் பொதுவில் வைக்கவே கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. நமது உபாத்தியாயரும் இம்முறையையே கையாள வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.

செலவுகள் இரு வகைப்படும். பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை ஒருவகை. தலைக்குத் தலை ஏறுபவை மற்றொருவகை. உதாரணமாக, ஒரு நாள் வகுப்புக்கு உபாத்தியாயரின் கூலி ரூ. 800, இடமும் மின்சாரமும் ரூ. 200, கருவித் தேய்மானமும் உடைசலும் ரூ. 200 என்று வைத்துக்கொள்வோம். மாறாத செலவு ரூ. 1,200 ஆகிறது. உப்பு, அமிலம், வடிதாள் முதலியவற்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ரூ. 40. நான்கு பிள்ளைகள் மட்டும் வந்தால் தலைக்கு ரூ. 340 விழும். பன்னிரண்டு பேர் வந்தால் ரூ. 140 போதும். அந்தப் பன்னிருவரில் இருவரை இலவசமாகச் சேர்த்தால், மொத்தச் செலவாகிய ரூ. 1,680-ஐ மற்றப் பதின்மரும் பகிர்ந்துகொள்ள வேண்டும், தலைக்கு ரூ. 168. ஆக, தறி வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு இடம் தர, வசதியுள்ள வீட்டார் அதிகமாய்க் கொடுப்பது 28 ரூபாய்! இதைக் கொடுக்க மறுப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஊருக்கு ஊர் தொகை மாறலாம், முறை மாறாது.

இதில் மூன்று பிழைகள் நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உபாத்தியாயர் தம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முதற் பிழை. இரண்டு மணி நேர வகுப்புக்கு முன்னும் பின்னும், கரைசல் தயாரிக்கவும் பாத்திரம் கழுவவும் இன்னும் இரண்டு மணி நேரம் செல்லும். அதுவும் உழைப்பே. தர்மமென்று கருதி அதை இனாமாய்க் கொடுப்பவர் சில மாதங்களில் களைத்துப்போவார், வகுப்பும் மூடிப்போகும். தராசும் நுண்பெருக்காடியும் வாங்கிய முழு விலையையும் முதலாண்டுப் பிள்ளைகள் தலையில் கட்டுவது இரண்டாவது பிழை. பல வருஷம் உழைக்கும் கருவியின் விலையைப் பல வருஷத்துக்குப் பிரித்தே வாங்கவேண்டும். செலவைக் குறைப்பதற்காகப் பத்திரத்தைக் குறைப்பது மூன்றாவது பிழை. கண்ணைக் காக்கும் கண்ணாடியும், பக்கத்தில் தண்ணீரும், ஒரு கண் பார்வைக்குள் அடங்கும் தொகையான பிள்ளைகளும் இன்றி அமிலப் புட்டியைத் திறக்கலாகாது. கட்டணத்தைக் குறைக்க முப்பது பேரைச் சேர்ப்பதைவிட வகுப்பு நடத்தாமலிருப்பதே மேல்.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. ஊரே ஒரு சோதனைச்சாலையாக இருக்கும்போது, எல்லாவற்றையும் கடையில் வாங்குவானேன்? கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டால், அதன்மேலுள்ள பசை நீங்கி, எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. கொதிக்குமுன் ஒருமுறையும் உலர்ந்தபின் ஒருமுறையும் நிறுத்துப் பார்க்கும் பிள்ளை, நிறுத்தலையும் சதவீதத்தையும் ஒருங்கே கற்கிறான். சாயம் பட்டில் ஏறி, பருத்தியில் ஏறாதிருப்பது ஏன் என்று கேட்டால், அதுவே ரஸாயனத்தின் நுழைவாயில். ஜரிகையில் வெள்ளி எது, செம்பு எது என்று அறிவதும் அப்படியே.

கல்வியை விலைக்கு விற்பதே தகாது என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. அவர்கள் காஞ்சிக்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குச் சென்று வரட்டும். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அக்கோயில் சுவரில் வெட்டப்பட்ட சாஸனம், அங்கு நடந்த கல்விச்சாலைக்கும், மாணவர் விடுதிக்கும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலைக்கும் ஆன செலவை வரிசையாகக் கூறுகிறது. வைத்தியருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று அதில் எழுதியிருக்கிறது. அங்குப் படித்தவன் காசு கொடுக்கவில்லை. ஆனால் கற்பித்தவன் பட்டினி கிடக்கவுமில்லை. அக்கல்வி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. கணக்கு மட்டும் கல்லில் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்தது. நாம் இரண்டையும் திறந்து வைக்கவேண்டும்.

பொதுஜனங்களின் கடமையையும் கூறி முடிப்போம். 2016 முதல் அடல் ஆய்வுக்கூடத் திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு மத்திய சர்க்கார் தலா 20 லக்ஷம் ரூபாய் வரை கொடுக்க முன்வந்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வகுப்பு வரையுள்ள சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைக் கருவிகளைக் கொண்டு சென்றது. இவை போற்றத்தக்கவை. ஆனால் பொதுப் பணத்தால் ஏற்பட்ட சோதனைச்சாலை ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்க, ஓய்வுபெற்ற ஓர் உபாத்தியாயர் தம் கூடத்தில் குழாய்க்கும் தராசுக்கும் திண்டாடுவது என்ன நியாயம்? தலைமையாசிரியரின் பொறுப்பில், உடைந்ததற்கு ஈடு தரும் நிபந்தனையுடன், விடுமுறை நாளில் அக்கதவைத் திறந்துவிட்டால், மேலே கண்ட ரூ. 1,200-ல் இடத்துக்கும் கருவிக்கும் உரிய ரூ. 400-ல் பெரும்பகுதி மிச்சமாகும். நகராண்மையினரும், பள்ளி நிர்வாகிகளும், நெசவாளர் சங்கத்தாரும் கலந்து பேசினால் ஒரு வாரத்தில் முடியக்கூடிய காரியம் இது.

உபாத்தியாயருக்கு நமது விடை இதுதான். தங்கள் கூலியைக் கூசாமல் எழுதுங்கள். எல்லாச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். ரசீது கொடுங்கள்; விலகுவோருக்கு மீதியைத் திருப்பிக் கொடுங்கள். பன்னிரண்டு இடங்களில் இரண்டைத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். அவர்கள் யார் என்பதை மற்றவர் அறிய வேண்டியதில்லை. இவ்வளவும் செய்தபின் வரும் தொகை எதுவோ, அதுவே நியாய விலை. அதைக் கேட்பதில் வெட்கமில்லை.